‘மிகவும் பயனுள்ளது’ என்று எழுதுமுன்: தனிப்பயணச் செயலிகள் பற்றி ஒரு திறனாய்வு

“இக்காலத்தில் திறன்பேசிச் செயலிகள் பயணிகளுக்கு மிகவும் பயனுள்ளவையாக விளங்குகின்றன.” இந்த வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில் திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அடுத்த வாக்கியம் என்ன வரும் என்றும் உங்களுக்குத் தெரியும். “எடுத்துக்காட்டாக, வரைபடச் செயலி வழி காட்டுகிறது.” அதற்கடுத்து மொழிபெயர்ப்புச் செயலி மொழிபெயர்க்கும், வாடகைக்கார் செயலி கார் வரவழைக்கும். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, சிவப்பு மை வைக்க இடமே இல்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது. செயலியின் விளம்பரத்தில் இருப்பதைத்தான் அந்த மாணவர் செந்தமிழில் எழுதியிருப்பார்.

இந்த இதழுக்குத் தனியாகப் பயணம் போவோருக்கான செயலிகள் பற்றி எழுதச் சொன்னார்கள். பத்துச் செயலிகளின் பெயரைப் போட்டு, பக்கத்தில் நட்சத்திரம் குத்திக் கொடுத்துவிடலாம், அரை மணி நேர வேலை. அதைச் செய்ய மனம் வரவில்லை. ஒரு சிறுகதையை வகுப்பில் எப்படிக் கேள்வி கேட்டுப் படிக்கிறோமோ, அப்படியே செயலியையும் படித்துப் பார்ப்போமே என்று தோன்றியது. இது யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? எதைச் சொல்லாமல் விடுகிறது? எந்த இடத்தில் கைவிடும்? அதற்கு ஒரு பயணம் வேண்டுமல்லவா. சென்ற பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறி, ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் பாடாங் பெசார் போய், அங்கிருந்து சயாம் ரயிலில் ஹாட்யாய் போய் வந்தேன். தனியாக. “டீச்சர், தனியாவா?” என்று கேட்டவர்களுக்கு, “கையில் போன் இருக்கே” என்றேன். அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் தட்டிப் பார்க்கப் போகிறேன்.

முதலில் வரைபடம். நிறையப் பேருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது: டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று. அது சரியில்லை. ஜிபிஎஸ் என்பது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சைகையை நம் போன் வாங்கிக் கணக்குப் போடுவது. போன் அவற்றுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை, இணையமும் தேவையில்லை. இணையம் இருந்தால் முதல் தடவை இடம் கண்டுபிடிப்பது வேகமாக நடக்கும், அவ்வளவுதான். சிம் அட்டையைக் கழற்றிவிட்டாலும் அந்த நீலப்புள்ளி நகரும். இல்லாமல் போவது புள்ளி அல்ல, அதற்குக் கீழே இருக்க வேண்டிய படம். படத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆனால் இறக்கி வைத்தால் எல்லாம் கிடைத்துவிடுமா? கூகள் மேப்ஸில் ஓர் ஊரின் படத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாதபோது அது கார் ஓட்டுபவருக்குத்தான் வழி சொல்லும். நடந்து போகிறவருக்கும், பேருந்து, ரயில் தேடுகிறவருக்கும் அப்போது வழி கிடைக்காது. இதை ஒரு குறை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். யோசித்துப் பாருங்கள், தனியாகப் பயணம் போகிறவர் பெரும்பாலும் யார்? கார் இல்லாதவர், நடக்கிறவர், பேருந்தில் தொங்குகிறவர். டேட்டா தீர்ந்துபோய் நடுத்தெருவில் நிற்கிறவரும் அவரேதான். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரைத்தான் அது அந்த நேரத்தில் கைவிடுகிறது. இதைக் கண்டுபிடித்து ஒரு பத்தி எழுதினால் அதுதான் திறனாய்வு.

இந்த இடத்தில்தான் ஆர்கானிக் மேப்ஸ் எனக்குப் பிடித்துப்போனது. 2021-இல் வந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திட்டத்தின் தகவலை எடுத்து நடைவழி, ஒற்றையடிப்பாதை எல்லாம் இணையம் இல்லாமலே காட்டும். விளம்பரம் இல்லை, நாம் எங்கே போகிறோம் என்று பின்தொடர்வதும் இல்லை. அதன் வேரான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலகெங்கும் இருக்கும் தொண்டூழியர்கள் தங்கள் ஊரைத் தாங்களே வரைந்து சேர்க்கிறார்கள். விக்கிப்பீடியா மாதிரி என்று மாணவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் அதில் இல்லையென்றால், நீங்களே சேர்க்கலாம். ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து தங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களைச் சரிபார்க்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். சத்தம் தாங்க முடியாது, ஆனால் எல்லாரும் வேலை செய்வார்கள்.

அதற்காக அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஹாட்யாயில் ஒரு கடை இன்றைக்குத் திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்ற விஷயங்களில் அது பலவீனம். தொண்டூழியர் யாராவது எழுதியிருந்தால்தான் உண்டு. கூகளில் அந்தத் தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆகவே நான் அறையில் வைஃபை இருக்கும்போது ஒன்றில் கடையைத் தேடி, மற்றொன்றில் குறித்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு செயலி, ஒரு வேலை. கொஞ்சம் அலுப்புதான்.

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. “4.6 நட்சத்திரம் பெற்ற உணவகம்” என்று மாணவர்கள் ஆதாரம் போல எழுதுகிறார்கள். யார் கொடுத்த நட்சத்திரம்? பல நேரம் சுற்றுப்பயணிகள். அவர்கள் அந்த ஊருக்கு ஒரு நாள் வந்து, ஒரு வேளை சாப்பிட்டுப் போனவர்கள். உள்ளூர்க்காரர் தினமும் சாப்பிடும் கடைக்கு நட்சத்திரமே இருக்காது, ஏனென்றால் தினமும் சாப்பிடுகிறவர் எதற்கு மதிப்பீடு எழுதுகிறார்?

இப்போது நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன். ஏமாற்றியது எந்தப் புதுச் செயலியும் இல்லை. கடிகாரம்.

பாடாங் பெசார் நிலையம் தெரியும்தானே. மலேசியக் குடிநுழைவும் சயாம் குடிநுழைவும் ஒரே கட்டடத்தில் இருக்கும். ஹாட்யாயிலிருந்து திரும்பி வந்து, இரண்டு முத்திரையும் வாங்கிக்கொண்டு, நிலையத்து உணவுக்கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு இடிஎஸ். போனைப் பார்த்தேன், 4.05. நல்லதாகப் போச்சு, இன்னும் நேரம் இருக்கிறது என்று படம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணன்தான் கேட்டார், “டீச்சர், கேஎல் ரயில்லயா போறீங்க? அது கிளம்பிருச்சே!”

என்ன நடந்தது தெரியுமா? என் போனில் இன்னும் சயாம் சிம் அட்டை. எல்லை ஊர் என்பதால் அது சயாம் கோபுரத்தின் சைகையையே பிடித்துக்கொண்டு, ‘தானியங்கி நேரம்’ என்ற அமைப்பின்படி சயாம் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் இருந்த ஐந்து மணியோ மலேசிய ஐந்து மணி. நான் 4.05 என்று நினைத்தபோது உண்மையில் 5.05.

நம் பெர்லிசும் ஹாட்யாயும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பவை, இரண்டு ஊரிலும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் உதிக்கும். கடிகாரம் மட்டும் வேறு. 1982-ஆம் ஆண்டு தொடங்கியபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்குடன் ஒரே நேரத்துக்கு வந்தது. சிங்கப்பூரும் கூடவே வந்தது. அந்த முடிவின் விலையில் ஒரு சின்னப் பங்கை நான் அன்றைக்கு ஒரு ரயில் டிக்கெட்டாகக் கட்டினேன். ரயில்வே மேல் தப்பு சொல்ல முடியாது. போன் மேலும் முழுசாகச் சொல்ல முடியாது, அது தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. சுவரில் பெரிய கடிகாரம் இருந்ததா என்றுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லை ஊர்களுக்குப் போகிறவர்கள் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, மலேசிய நேரத்தைக் கையால் அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியர்களான நமக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பும் பகுதி மொழிபெயர்ப்பு. கூகள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-இல் சேர்ந்தது. இன்றைக்குப் பல நிறுவனங்களின் செயலிகள் தமிழைப் பேசுகின்றன, கேட்கின்றன, படம் பிடித்துப் படிக்கின்றன. நான் பயன்படுத்திய ஒன்றின் பெயரை விட்டுவிடுகிறேன். ஒன்றைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும்.

ஹாட்யாய் கடைத்தெருவில், தலை நரைத்த ஓர் அம்மா காய்ந்த பழங்கள் விற்றுக்கொண்டிருந்தார். “நீங்கள் எத்தனை மணிக்குக் கடை மூடுவீர்கள்?” என்று தமிழில் சொன்னேன். போன் சயாம் மொழியில் ஏதோ சொன்னது. அந்த அம்மா சிரித்துவிட்டார். பக்கத்துக் கடைப் பெண் ஆங்கிலத்தில் விளக்கினார்: வாக்கியத்தின் முடிவில் மரியாதைக்குச் சேர்க்கும் சொல்லை, ஆண் பேசுவதுபோல் போன் சொல்லியிருக்கிறது. சயாம் மொழியில் ஆண் பேசினால் ‘க்ராப்’ என்று முடிப்பார், பெண் பேசினால் ‘கா’. தமிழ் வாக்கியத்தில் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, ஆகவே செயலி தானாக ஓர் ஆணை ஊகித்துக்கொண்டது. சரி, அது மன்னிக்கத்தக்க பிழை.

இரவு அறைக்கு வந்து ஒரு சோதனை செய்தேன். அதே வாக்கியத்தைச் சயாமுக்கு மாற்றி, வந்ததை மறுபடியும் தமிழுக்கு மாற்றினேன். “நீ எப்போது கடையை மூடுகிறாய்?” என்று வந்தது. நரைத்த தலை அம்மாவை ‘நீ’ என்கிறது! போகும்போது இருந்த ‘நீங்கள்’ எங்கே தொலைந்தது? இந்தத் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரண்டு மொழிகளுக்கும் நேரடியாகப் போதிய எடுத்துக்காட்டுகள் இல்லாவிட்டால் ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தி, தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து மற்ற மொழி என்று இரண்டு தாவலாக மாற்றுவது. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே ஒன்றுதான். அந்த ஒற்றை வாசலில் நுழையும்போது நம் ‘நீங்கள்’, ‘நீ’, ‘தாங்கள்’ எல்லாம் செருப்பைக் கழற்றுவதுபோல மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு நுழைகின்றன. வெளியே வரும்போது எந்தச் செருப்பு கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு வருகின்றன.

மாணவர்களே, இது வெறும் இலக்கண விஷயம் என்று நினைக்காதீர்கள். தனியாகப் பயணம் போகிறவருக்கு முதல் பாதுகாப்பு எதிரில் இருப்பவரின் நல்லெண்ணம். பெரியவரை ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டு வழி கேட்டால் என்ன ஆகும் என்று நம் கம்பத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

படம் பிடித்துப் படிக்கும் வசதிக்கும் இன்னொரு சிக்கல். சயாம் எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைச் செயலி ஊகிக்க வேண்டும். நம் பழைய ஓலைச்சுவடிகளைப் படிக்க முயன்றவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். கையால் எழுதிய உணவுப் பட்டியலைப் படம் பிடித்தேன், வந்த தமிழில் சோறும் இல்லை குழம்பும் இல்லை. அச்சடித்த அறிவிப்புப் பலகைகளை ஓரளவு நன்றாகப் படித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நான் சைவம் சாப்பிடுகிறவள். எனக்கு உதவியது செயலி இல்லை, ஒரு மஞ்சள் கொடி. சயாமில் ‘ஜே’ என்று ஒரு சொல் உண்டு, இரண்டே எழுத்து. சீன பௌத்த மரபுப்படியான தூய சைவத்தைக் குறிக்கும்: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாகக் கடை வாசலில் தொங்கும். அந்த வடிவத்தை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் கேமராவே வேண்டாம், பத்துக்கடை தள்ளியிருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். போகும் ஊரின் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களையாவது படம்போலப் பழகிக்கொண்டு போங்கள். பழ அம்மாவிடம்? மறுநாள் போய் மலாயில், “மாக்சிக், தூத்துப் புக்குல் பெராப்பா?” என்றேன். நம் ஆட்கள் அடிக்கடி போகும் கடைத்தெரு அது. தாராளமாக மலாயிலேயே பதில் வந்தது, ‘மாக்சிக்’ என்றதற்கு ஒரு கைப்பிடி பழமும் கூடவே வந்தது.

பணமும் காகிதமும் பற்றிச் சுருக்கமாக. 2021-லிருந்து மலேசியாவின் டூயிட்நவ் கியூஆரும் தாய்லாந்தின் பிராம்ப்ட்பேயும் இணைக்கப்பட்டுவிட்டன. இதை ஆதரிக்கும் நம் ஊர் வங்கிச் செயலியாலேயே அங்குள்ள சின்னக் கடையில் கியூஆரை வருடிக் கட்டலாம், பணம் மாற்றும் அலைச்சல் குறைகிறது. இந்தப் பயணத்தில் என்னை உண்மையிலேயே அசத்தியது இதுதான். ஆனால் டேட்டாவும் பேட்டரியும் இல்லாவிட்டால் நீங்கள் அந்த இடத்தில் ஏழை. கொஞ்சம் பாட் தாள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. மூன்றையும் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். தேடுபொறியில் தேடினால் அரசாங்கத் தளம்போலவே வேடம் போட்டுக் கட்டணம் கேட்கும் தளங்களும் வந்து நிற்கும். பணம் கேட்டாலே அது அசல் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். நிரப்பியதைத் திரைப்பிடிப்பு எடுத்து, ஒரு தாளிலும் அச்சிட்டுக் கடப்பிதழுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பழக்கம்தான், வெட்கப்பட வேண்டாம்.

வாடகைக்கார் செயலிகளைப் பற்றி மாணவர்கள் எழுதுவதில் ஒன்று மட்டும் எனக்குக் குறை. கிராப் 2012-இல் ‘மைடெக்சி’ என்ற பெயரில் கோலாலம்பூரில் தொடங்கியது, 2018-இல் தென்கிழக்காசியாவில் ஊபரின் தொழிலை வாங்கியது என்ற வரலாற்றை எழுதுகிறார்கள், நல்லது. ஆனால் தனியாகப் போகும் ஒரு பெண்ணுக்கு அதில் முக்கியமானது விலை இல்லை. ஏறும் முன்பே வண்டி எண் தெரிவதும், போகும் வழியை வீட்டில் இருப்பவருடன் பகிர்ந்துகொள்ள முடிவதும்தான். என் தங்கை கோம்பாக்கில் உட்கார்ந்துகொண்டு நான் போகும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிம்மதி. அதே சமயம், நான் எங்கெங்கே போனேன் என்பது அந்த நிறுவனத்துக்கும் தெரியும். ஒரே வசதியின் இரண்டு பக்கமும் இதுதான். ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று இட அனுமதியை மாற்றி வைப்பது அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைப் பற்றி ஒரு கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை.

எஸ்.பி.எம். எழுதுவோருக்கும் ஓ லெவல் எழுதுவோருக்கும் ஒன்று காட்டுகிறேன். “மொழிபெயர்ப்புச் செயலி வெளிநாட்டில் நமக்குப் பெரிதும் உதவுகிறது.” இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வாக்கியம். இதைப் பாருங்கள்: “அச்சிட்ட பலகையைப் படிக்க மொழிபெயர்ப்புச் செயலி உதவினாலும், மரியாதைச் சொற்களை அது இழந்துவிடுவதால் முதியவரிடம் பேசும்போது அதை நம்ப இயலவில்லை.” இரண்டாவதில் கடினச்சொல் எதுவும் இல்லை. ‘உதவினாலும்’ என்ற ஒரு சொல் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, ஓர் ஆள் இருக்கிறார். அந்த ‘ஆலும்’ உங்கள் கட்டுரையில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறைகூட வரவில்லையென்றால் நீங்கள் விளம்பரம் எழுதுகிறீர்கள்.

ஆசிரியர்களுக்கு, நான் படிவம் நான்கில் கொடுத்த பயிற்சி இது. ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்து, செயலியில் வேறு மொழிக்கு மாற்றி, மறுபடி தமிழுக்குக் கொண்டு வந்து, எது தொலைந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். வாக்கியம் அவர்கள் வீட்டில் அன்றாடம் கேட்பதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. பலரும் சாப்பாடு பற்றி எழுதினார்கள். ஒரு பையன், “பாட்டி, நீங்க சாப்பிட்டீங்களா?” என்பதை மலாய்க்கும், மலாயிலிருந்து தமிழுக்கும் மாற்றிவிட்டு, தன் பக்கத்தை இப்படித் தொடங்கியிருந்தான்: “இந்தச் செயலி என் பாட்டியை ‘நீ’ என்று கூப்பிட்டது. எங்கள் வீட்டில் அப்பாகூட அப்படிக் கூப்பிட மாட்டார்.”

இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. வட்டம் போட்டுவிட்டு, முழுப் புள்ளிக்கு ஒன்று குறைத்துக் கொடுத்தேன்.